லைட்டைப் பார்த்துக் கேசிங் எடுக்காதீங்க

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டோடு கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். உப்புக் காற்றில் என் கம்ப்யூட்டரின் பழைய கேசிங், அதாவது வெளிப்பெட்டியின் பின்பக்கம் துருவாகக் கொட்டத் தொடங்கியதால், போன மாதம் டவுனில் ஒரு கடையில் புதுசு எடுத்தேன். பவர் சப்ளையோடு 24,500 ரூபாய். முன்னுக்கும் பக்கத்திலும் கண்ணாடி, உள்ளே ஆறு ஃபேன், ஆறிலும் வானவில். கடைத் தம்பி ரிமோட்டைக் கையில் தந்தார். நானும் சின்னப் பிள்ளை மாதிரி பத்து நிமிஷம் நிறம் மாற்றிக்கொண்டு நின்றேன். ஏசி அறையில் ஒரு வேலையும் செய்யாமல் எரிந்துகொண்டிருந்த மெஷின் அது என்பது மண்டையில் ஏறவில்லை.

நாலு நாள் கழித்து, கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற மத்தியானம், முழுக் கல்யாணத்தையும் ஒரே வீடியோவாக்க எக்ஸ்போர்ட் போட்டேன். பாதியில் டக்கென்று நின்றது. திரும்பப் போட்டேன், திரும்ப நின்றது. பொம்பிளை வீட்டுக்காரர் அடுத்த நாள் கேட்டிருந்தார்கள்.

பிறகுதான் கேசிங்கை ஒழுங்காகப் பார்த்தேன். முன்கண்ணாடியின் ஓரத்தில் விரல் நுழையாத ஒரு இடுக்கு. முன்பக்க மூன்று ஃபேனும் அதுக்குள்ளால்தான் காற்று இழுக்க வேணும். சாமியறையிலிருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி இடுக்கில் பிடித்தேன். புகை உள்ளே போகவே இல்லை, கண்ணாடியைத் தடவிக்கொண்டு மேலே போனது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிடித்தேன், சர்ரென்று உள்ளே இழுத்தது. அதே வீடியோவுக்கு புரோசசர் சூடு 91 பாகையிலிருந்து 76க்கு இறங்கியது. ஆறு ஃபேனும் பவர் சப்ளையிலிருந்து நேரே வருகிற ஒரே மொலெக்ஸ் வயரில் கோத்திருந்தன, சூட்டைப் பார்த்து வேகம் மாற்றுகிற மதர்போர்டுக்கு ஒரு வயர்கூட வரவில்லை. சூடு கூடினாலும் குறைந்தாலும் ஒரே சுற்றுத்தான்.

ஆனால் சூடு குறைந்த பிறகும் மெஷின் நின்றது. அப்போதுதான் பவர் சப்ளையைத் திருப்பி அதன் லேபலை வாசித்தேன். பெரிய எழுத்தில் 550 வாட். கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர். பெருக்கினால் 240 வாட். புரோசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்னுவது அந்த 12 வோல்ட்டைத்தான். என்னுடைய ஐ5 12400எஃப் புரோசசர் முழுப் பாரத்தில் 117 வாட் வரை இழுக்கும், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு 125 வாட். கூட்டிப் பாருங்கள். ஃபேனையும் டிஸ்க்கையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

முன்னுக்கு இருக்கிற நீல யூஎஸ்பி இன்னொரு கூத்து. நிறம்தான் வேகமான 3.0, உள்ளே வருவது மெதுவான 2.0வின் ஒன்பது பின் வயர்.

தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"ஃபேன் சுத்துதுதானே அண்ணன், லைட்டும் எரியுது. பிறகு என்ன பிழை?"

"தம்பி, நான் லைட்டிலயா வீடியோ எடிட் பண்றது?"

சிரித்தார். கேசிங்குக்கு வாரண்டி இல்லையாம். பில்லை எடுத்து நீட்டினேன். அதில் 'கேசிங் 1' என்று மட்டும் கிடந்தது. மொடலும் இல்லை, வாட்டும் இல்லை. என் பிழை அது, வாங்கும்போது எழுதச் சொல்லியிருக்க வேணும்.

எடுக்கப் போகிறவர்கள் முன்பக்கம் வலையோ ஓட்டையோ உள்ளதாகப் பாருங்கள், பவர் சப்ளையைத் தனியாக வாங்குங்கள். கண்ணாடி இல்லாத பக்கத் தகட்டின் நடுவில் பெருவிரலால் அமத்தி உறுதி பாருங்கள். என்னுடையது பிஸ்கட் டின் மாதிரி 'டொக்' என்று குழிந்தது. ஏமாந்தவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில் சொல்லலாம், ஆனால் சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேணும். நான் பவர் சப்ளை லேபலின் படத்தோடு கொடுத்திருக்கிறேன்.

இப்போது வேறு பவர் சப்ளை போட்டு, முன்பக்கம் திறந்தபடி ஓட்டுகிறேன். கழற்றின கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நிற்கிறது. பிள்ளையார் படத்துக்கு அளவாக வெட்டித் தரச் சொல்லி அம்மா கேட்கிறா. டெம்பர்ட் கண்ணாடி, வெட்டப் போனால் நொறுங்கிவிடும் என்றேன். "அப்ப அதுக்கும் உதவாதா?" என்றா.