ஒரே ‘டக்’, இரண்டு வண்டி: பின் ஆக்சில் ஆடினால் யாரைச் சந்தேகிப்பது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே சமதளம் என்பதே அபூர்வம். எங்கள் தெருவில் வண்டியை எடுத்ததும் முதல் கியரில் ஏற்றம், பத்து வீடு தாண்டினால் இறக்கம். பின் சக்கரத்தில் கோளாறு என்றால் கேட்டைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். அப்படித்தான் என் 1974 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் ஒரு நாள் பேச ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு ‘டக்’, காலை எடுத்தால் இன்னொரு ‘டக்’. அதே மாதம் மச்சானுடைய நிசான் 1400 பக்கியிலும் (சின்ன பிக்கப் வண்டி) அச்சு அசலாக அதே சத்தம்.

ஊர் முழுக்க ஓடுகிற பழைய வண்டிகளில் இவை இரண்டையும் பார்க்காமல் இருக்க முடியாது. பீட்டிலை (இங்கே எல்லாரும் ‘ஃபோல்க்ஸி’ என்றுதான் சொல்வார்கள்) 1951 முதல் 1979 வரை இந்த நாட்டிலேயே யூட்டன்ஹேகில் செய்தார்கள். பக்கியை ரோஸ்லினில் 2008 வரை செய்தார்கள். இரண்டுமே பின் சக்கரத்தால் ஓடுபவை. ஆனால் அந்த ‘டக்’ இரண்டிலும் வேறு வேறு இடத்திலிருந்து வரலாம். என்னை ஒரு பட்டறையில் “கியர்பாக்ஸை இறக்கினால்தான் தெரியும்” என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டதும் வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் பீட்டில். இதில் சந்தேகப்பட வேண்டியவர்கள் மூன்று பேர்: சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய 36 எம்எம் நட்டும் அதனோடு சேர்ந்த ஸ்பிளைனும் (சக்கரம் மாட்டும் பிரேக் டிரம்மும் ஷாஃப்டும் ஒன்றையொன்று பிடிக்கும் பல் வரிசை), சக்கரம் உரசாமல் சுழல உதவும் பேரிங், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டின், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் உள்முனை. சத்தத்தை மட்டும் வைத்து நட்டையும் உள்முனையையும் பிரிக்கவே முடியாது. இரண்டும் மிதிக்கும்போதும் விடும்போதும் ஒரே மாதிரி அடிக்கும். வண்டியை முன்னும் பின்னும் நகர்த்திச் சத்தம் கேட்கும் சோதனையும் அதனால் வீண். பேரிங் கொஞ்சம் நல்லவன், தன் குரலை மாற்றிக்கொள்ள மாட்டான். வேகம் ஏற ஏற ‘ங்ங்’ என்று உறுமும், மிதித்தாலும் விட்டாலும் அப்படியேதான் உறுமும், வளைவில் எடை ஒரு பக்கம் சாயும்போது கூடவோ குறையவோ செய்யும்.

நட்டா உள்முனையா என்பதைத் தீர்க்க ஷால்கிராஸில் இருக்கும், ஆயுள் முழுக்க ஃபோல்க்ஸியோடு மல்லுக்கட்டிய ஒரு அண்ணா சொன்ன வழிதான் எனக்குப் பிடித்தது. “தம்பி, முதலில் ஹப் கேப்பைக் கழற்றிப் பார்த்தாயா?” என்று கேட்டார். கழற்றியிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுபோய் (நாங்கள் கோயில் வாகன நிறுத்தத்துக்குப் போனோம்) முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரே ஒரு பின் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். கடல் காற்றில் பழைய பீட்டிலின் ஜாக்கி போடும் இடம் உள்ளே பிஸ்கட்டாகிப் போயிருக்கும். அப்புறம் முதல் கியரைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விட்டு, மச்சானைச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்லிவிட்டு நான் டார்ச்சோடு நட்டின் முன்னால் உட்கார்ந்தேன். சக்கரம் ஆடும்போது ஷாஃப்டின் நுனியும் கூடவே ஆடினால் தேய்மானம் உள்ளே இருக்கிறது. சக்கரமும் டிரம்மும் மட்டும் ஆடி, நட்டும் நுனியும் அசையாமல் நின்றால் ஸ்பிளைன் தளர்ந்திருக்கிறது. என் வண்டியில் டிரம் ஒரு நூல் அளவு நகர்ந்தது, ஷாஃப்ட் சிலை மாதிரி நின்றது. நட்டைச் சுற்றி மிளகாய்ப்பொடி தூவினது போலச் சிவப்பாக ஒரு தூள். இரும்போடு இரும்பு உரசித் துருவாகிக் கொட்டிய தூள் அது. அதைப் பார்த்த பிறகு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இன்னொரு வழி, தனியாக இருப்பவர்களுக்கு ஏற்றது: ஷாஃப்ட் நுனி, நட்டு, டிரம் மூன்றையும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு முறிந்திருந்தால் டிரம் ஷாஃப்ட் மேல் நகர்கிறது. ஆனால் லேசாகத் தேய்ந்த ஸ்பிளைன் போன இடத்துக்கே திரும்பி வந்து நிற்கும், கோடு நேராகவே இருந்து ஏமாற்றும். அதனால் ஆள் கிடைத்தால் ஆட்டிப் பார்ப்பதே மேல்.

பேரிங் விஷயத்தில் பீட்டில் ஒரு குறும்பு செய்கிறது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது டிரம்முக்கும் பேக் பிளேட்டுக்கும் (டிரம்முக்குப் பின்னால் இருக்கும் அசையாத தகடு) நடுவே உள்ள இடைவெளி மாறினால் ‘பேரிங் போச்சு’ என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் அந்த ஒரே நட்டுதான் டிரம், ஸ்பேசர், பேரிங்கின் உள்வளையம் எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிறது. நட்டு தளர்ந்தால் நல்ல பேரிங்கும் கெட்டுப்போனது போல ஆடும். எனவே நட்டை முறைப்படி இறுக்கிவிட்டுத்தான் பேரிங்கைக் குறை சொல்ல வேண்டும். இறுக்கிய பிறகும் ஆடினால், அல்லது பிரேக் பக்கம் கியர் ஆயில் கசிந்திருந்தால், பேரிங்கும் சீலும் சேர்த்து மாற்றுவதே சரி. உள்முனை தேய்மானத்துக்கு வீட்டில் வைத்தியம் கிடையாது. அந்த முனை அகப்பை போலத் தட்டையாக இருக்கும், அதைத் தொட ஆக்சிலைக் கழற்றியாக வேண்டும். கொஞ்சம் ஆட்டம் அங்கே இயல்புதான், வருடக்கணக்கில் அப்படியே ஓடும்.

பக்கிக்கு வருவோம். இங்கே முதல் சந்தேக நபரே கிடையாது. ஷாஃப்டும் சக்கரம் மாட்டும் தட்டும் ஒரே துண்டு, வெளியே பெரிய நட்டு இல்லை, ஸ்பிளைன் டிஃபரன்ஷியலுக்குள்தான் (இரண்டு பின் சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி). பேரிங்கை ஷாஃப்ட் மேல் பிரஸ் பண்ணிய காலர் ஒன்று பிடித்திருக்கும், பேக் பிளேட்டின் பின்னால் நான்கு நட்டு அதைக் கூட்டில் வைத்திருக்கும். சக்கரத்தை உள்ளும் வெளியுமாக இழுத்தால் லேசாக ஆடலாம், நன்றாக ‘டொக்’ என்று வந்தால் அந்த நான்கு நட்டை முதலில் பாருங்கள். காலர் நழுவினால் சக்கரம் ஷாஃப்டோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அந்த வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு டோ வண்டியைக் கூப்பிட வேண்டியதுதான்.

ஆனால் மச்சானின் ‘டக்’ அங்கிருந்தும் வரவில்லை. அடியில் படுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீள ஷாஃப்டைக் கையால் திருகினேன். அதில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்டின் (எந்தக் கோணத்திலும் வளைந்து சுழலும் இணைப்பு) ஒரு பக்கம் நகர்ந்த பிறகுதான் மறுபக்கம் நகர்ந்தது. அங்கேயும் அதே சிவப்புத் தூள். வாரம் தவறாமல் சிமென்ட் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு வேறென்ன ஆகும்! ஜாயின்ட் மாற்ற அரை நாள், செலவும் கைக்கு அடக்கம். அவருக்கும் பட்டறையில் டிஃபரன்ஷியல் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

என் பீட்டிலுக்கு மூன்று தேர்வுகள் இருந்தன. நட்டை மட்டும் இறுக்குவது, ஸ்பிளைனில் பிசின் தடவி இறுக்குவது, டிரம்மை மாற்றுவது. டிரம்மைக் கழற்றியதும் விடை தெரிந்தது. நல்ல ஸ்பிளைன் பல் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இருக்கும். என்னுடையது ரம்பப் பல் போல ஒரு பக்கம் சாய்ந்து கூர்ந்திருந்தது. ஷாஃப்டின் பற்கள் தப்பித்திருந்தன, டிரம்தான் பெரும்பாலும் முதலில் தேயும். இந்த நிலையில் இறுக்கினால் சில வாரம் சத்தம் நிற்கும், அப்புறம் ஷாஃப்டையும் தின்னும். பிசினும் அதே கதை, அடுத்த முறை பிரேக் ஷூ மாற்ற வருகிறவர் நம்மைச் சபிப்பார். பல் நன்றாக இருந்து நட்டு மட்டும் தளர்ந்திருந்தால் இறுக்கினால் போதும், புது டிரம் வீண் செலவு. பழைய டிரம் வாங்குகிறவர்கள் ஓட்டையை எண்ணிவிட்டு வாங்குங்கள். பழைய பீட்டில்களுக்கு 5 போல்ட், பிந்தியவற்றுக்கு 4.

இறுக்குவதிலும் இரண்டு கட்சி. ஏர் கன்னால் ‘டர்ர்’ என்று அடித்து விடுகிறவர்கள் ஒரு பக்கம், நீளக் குழாய் போட்டு அளந்து இறுக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டாவது கட்சி. கன் எவ்வளவு இறுக்கியது என்று கன்னுக்கே தெரியாது. இந்த நட்டுக்குத் தேவை 217 அடி-பவுண்டு, கிட்டத்தட்ட 294 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: 75 கிலோ ஆள், நட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி, கிடைமட்டமாக நிற்கும் குழாய் மேல் முழு எடையோடு நின்றால் ஏறக்குறைய அதுதான். சக்கரம் தரையில், கியரும் ஹேண்ட்பிரேக்கும் போட்ட நிலையில் செய்ய வேண்டும். ஸ்பிளிட் பின் ஓட்டை நேர்படவில்லை என்றால் இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, இதற்கு அந்தப் பின் அப்படி. பழைய பின்னை வளைத்து மறுபடி போடுகிறவர்களுக்கு மரை கழண்டது நட்டில் மட்டும் இல்லை.

டிரம்மை மாற்றி இறுக்கிய மறுநாள் ஒரு தடவை திரும்ப இறுக்கிப் பார்த்தேன், அசையவில்லை. வெள்ளைக் கோடு போட்டு வைத்தேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போய் வந்த பிறகும் கோடு நேராக இருக்கிறது. 36 எம்எம் சாக்கெட்டை மச்சான் இரவல் வாங்கிப் போயிருக்கிறார். அவர் பக்கியில் அது எங்கேயும் பொருந்தாது. எதற்கு என்று இன்னும் கேட்கவில்லை.