மெயினை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்

இந்தமுறை ஊருக்குப் போனபோது எனக்கிருந்த பெரிய வேலை, அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குத் திருட்டு அலாரம் போடுவது. வங்கி வேலை, பத்திர வேலை எல்லாம் சொன்ன நாளில் முடிந்துவிட்டன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அலாரம் விற்க வந்தவர்கள்தான் என்னை எழுத உட்கார வைத்திருக்கிறார்கள்.

முதலில் வந்தது பளபளப்பான விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனம். கையில் டேப்லெட்டோடு வந்த இளைஞர் வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கூடத்தில் உட்கார்ந்து, "எட்டு கேமரா போட்டுடலாம் சார், நீங்க அங்க இருந்தே எல்லாத்தையும் போன்ல பார்க்கலாம்" என்றார். நான் கேட்டது அலாரம். கேமரா திருடன் வந்துபோனதைப் பதிவு செய்யும். கதவில் கைவைத்த நொடியில் ஊளையிட்டு அவனைத் துரத்துவது அலாரத்தின் வேலை. தூங்கிக்கொண்டிருக்கும் இரண்டு வயதானவர்களுக்கு முதலில் வேண்டியது எது என்று விற்பவருக்குத் தெரிய வேண்டாமா?

சரி, அலாரமும் இருக்கிறது என்று பெட்டியைத் திறந்தார். சென்சார்கள் சொல்வதைக் கேட்டுச் சைரனை அலறவைக்கும், கைக்கு அடக்கமான ஒரு ஹப், கதவு திறந்தால் சொல்லும் காந்த சென்சார், கூடத்துக்கு அசைவு சென்சார், ஒரு சைரன். எல்லாவற்றையும் இணைத்து, கதவைத் திறந்து காட்டினார். சைரன் அலறியது, என் போனிலும் செய்தி வந்தது. அம்மாவுக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி.

"தம்பி, கரண்ட் போனா?" என்றேன்.

"இன்வெர்ட்டர் இருக்குல்ல சார்."

"நெட் போனா?"

"அதெல்லாம் போகாது சார்."

எழுந்துபோய் இன்வெர்ட்டரையும் மெயினையும் அணைத்துவிட்டு, "இப்போது கதவைத் திறங்கள்" என்றேன். திறந்தார். கதவு நிலையில் ஒட்டியிருந்த சென்சாரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டி அணைந்தது. அவ்வளவுதான். சைரன் மூச்சு விடவில்லை. ஹப்புக்குள் பேட்டரியே கிடையாது. கதவு திறந்ததை அந்தச் சென்சார் ஒழுங்காகத்தான் சொன்னது, கேட்பதற்குத்தான் யாரும் இல்லை. மீட்டர் பெட்டி வெளிச்சுவரில், எவன் வேண்டுமானாலும் கைவைக்கும் உயரத்தில் இருக்கிறது. "அதுக்கு வேற மாடல் இருக்கு சார்" என்று அவர் இழுத்தபோது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. இருட்டில் ஊமையாகிவிடும் ஒரு பெட்டியை, முதியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் பாதுகாப்பு என்று சொல்லி விற்க எப்படி மனசு வருகிறது?

நான் இருக்கும் நாட்டில் இதைப் பேச்சுக்கே விடமாட்டார்கள். அலாரத்துக்கென்று ஈ.என். 50131 என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது, நான்கு நிலைகள். வீடுகளுக்குப் பெரும்பாலும் இரண்டாம் நிலை. அதில் மின்சாரம் நின்றாலும் 12 மணி நேரம் பேட்டரியில் ஓடியாக வேண்டும், பெட்டியை யாராவது பிரித்தால் அதற்கும் சைரன் அடிக்க வேண்டும். விலை சொல்வதற்கு முன்பே ஆள் வந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்து எழுதிக்கொண்டு போவார். ஊரில் இதையெல்லாம் கேட்டால் நம்மை வம்புக்காரன் மாதிரி பார்க்கிறார்கள்.

அப்புறம்தான், பல காலமாக வயரிங் வேலை பார்த்துவரும் ஒரு பெரியவர் வந்தார். கையில் ஒரு மீட்டரும் பழைய தோல் பையும். வந்தவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம், "ராத்திரி எழுந்தா எந்தப் பக்கம் போவீங்கம்மா?" என்றார். இந்தக் கேள்வியை வெளிநாட்டிலும் எந்த நிறுவனமும் என்னிடம் கேட்டதில்லை.

அம்மா காட்டிய நடையில் அசைவு சென்சார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லாக் கதவிலும் கீழ்த்தள ஜன்னல்களிலும் காந்த சென்சார் போட்டு, இரவில் அவை மட்டும் விழித்திருக்கும்படி ஓர் ஏற்பாடு. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது உள்ளே இருக்கும் அசைவு சென்சார்களும் சேர்ந்துகொள்ளும்படி இன்னோர் ஏற்பாடு. கூடத்து அசைவு சென்சாருக்கு அந்த இளைஞர் ஜன்னலைப் பார்த்தபடி குறித்து வைத்திருந்த இடத்தையும் மாற்றினார். அசைவு சென்சார் உடம்பின் வெப்பம் நகர்வதைப் பிடிக்கிறது. மாலை வெயில் அதன் முகத்தில் அடித்தால் வீணாக அலறும். மூலையில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வைத்தார். நேராக எதிரே வருபவனைவிடக் குறுக்கே நடப்பவனைத்தான் அது சீக்கிரம் பிடிக்கும் என்பதால், கூடத்தைக் கடக்கும் வழி அதற்குக் குறுக்கே விழும்படி பார்த்துக்கொண்டார்.

அலாரத்தின் மூளையான பேனலில், அழைப்பு அனுப்புவதற்கு, 2ஜி என்ற பழைய செல்போன் அலைவரிசை முறையில் மட்டும் பேசும் சிம் மோடம் இருந்தது. "இது வேண்டாம், 4ஜி போட்டுக்குவோம்" என்று அவராகவே சொன்னார். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் 2017 ஜனவரியில் 2ஜியையும், 2022 பிப்ரவரியில் 3ஜியையும் நிறுத்தியபோது பழைய மோடம் கொண்ட அலாரங்களை எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கதை அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, தொழில் தெரிந்திருந்தது.

என் மனசைத் தொட்டது கடைசியில் நடந்ததுதான். வெளியே போய்த் திரும்பினால், கதவைத் திறந்து சங்கேத எண்ணை அழுத்த 30 நொடி அவகாசம் இருந்தது. அவர் அப்பாவை வாசலுக்கு அழைத்துப்போய், பூட்டைத் திறக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வந்தார். அப்பா கைத்தடியைச் சுவரில் சாய்த்து, கண்ணாடியைச் சரிசெய்து, முதல் எண்ணைத் தொடுவதற்குள் சைரன் அலறிவிட்டது. அப்பாவின் கை நடுங்கியது. பெரியவர் ஒன்றும் பேசாமல் 45 நொடிக்கு மாற்றி, எண்பலகையையும் கதவுப் பக்கமாக நகர்த்தி, "இப்ப நிதானமா வாங்கய்யா" என்றார். அடுத்த முறை அப்பா முடித்த பிறகும் நேரம் மிச்சமிருந்தது. வெளிநாட்டில் என் வீட்டுக்கு வந்தவர் கையேட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிவிட்டார். முன்பெல்லாம் ஊரில் ரேடியோ ரிப்பேருக்கு வருகிறவர்கூட இப்படித்தான், கேட்பவருக்குப் புரிகிறவரை உட்கார்ந்திருப்பார்.

அலாரம் அடித்தால் யாருக்கு முதலில் அழைப்பு போக வேண்டும் என்ற கேள்வியிலும் அவர் சொன்னதுதான் சரி. என் எண்ணை முதலில் போடச் சொன்னார் அம்மா. "அவர் கடல் தாண்டி என்ன பண்ணுவாரும்மா?" என்று பக்கத்து வீட்டு எண்ணை முதலிலும் என்னுடையதைக் கடைசியிலும் போட்டார். கேட்க வலித்தாலும், நடந்து வந்து கதவைத் தட்டக்கூடியவர்தான் முதலில் இருக்க வேண்டும்.

முடித்ததும், நான் கேட்காமலே மெயினை அணைத்து, ரௌட்டரையும் பிடுங்கிவிட்டுக் கதவைத் திறந்தார். தெருமுனை வரை கேட்டது சைரன். சிம் வழியாக என் போனுக்கும் அழைப்பு வந்தது.

ஒரு குறை மட்டும் உண்டு. எழுதித் தரும் பழக்கம் அவரிடமும் இல்லை. பேனலில் காட்டும் எந்த எண் எந்த ஜன்னலுக்கு, பேட்டரி எப்போது போட்டது, எதுவும் காகிதத்தில் கிடையாது. அவரை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதி, அந்தத் தாளைப் பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டினேன். பேட்டரி மேலேயே மார்க்கர் பேனாவால் தேதி போட்டோம். இந்த ஈயப் பேட்டரிகள் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரைதான் தாங்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள்ள பொதுச் சங்கேத எண்ணை மாற்றாமல் அவர் கிளம்பப் பார்த்தார். நிறுத்தி மாற்ற வைத்தேன். நீங்களும் ஆள் கிளம்புவதற்கு முன் இந்தத் தாளைக் கேட்டு எழுதி வாங்கி, எண்ணையும் மாற்ற வைத்துவிடுங்கள்.