9,600 ரூபாய் போச்சு: ஆன்லைனில் கவுன்சலிங் தேடுகிறவர்கள் படியுங்கள்

இன்னும் கை நடுங்குகிறது. சற்றுமுன்தான் "ரீஃபண்ட் கிடையாது மேடம்" என்று சொல்லி ஃபோனை வைத்தார்கள். 9,600 ரூபாய்.

எனக்கு 23 வயது. குமுளியில் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். போன வருஷம் அப்பா போனதிலிருந்து தூக்கமில்லை, சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். இங்கே யாரிடம் போனாலும் மலையாளத்தில் பேச வேண்டும். விலை பேசுகிற மலையாளம் எனக்கு வரும், அழுகிற மலையாளம் வராது. கம்பம் பக்கம் போகலாமென்றால் பஸ்ஸிலேயே நாலு சொந்தக்காரர்கள் எங்கே போகிறாய் என்பார்கள். அப்படித்தான் 'தமிழிலேயே பேசலாம்' என்று விளம்பரம் போட்ட ஒரு ஆன்லைன் கவுன்சலிங் ஆப்பில் போய் விழுந்தேன். பெயர் கேட்காதீர்கள், போட மாட்டேன்.

முதலில் பேசியது அவர்கள் ஆபீஸ் அக்கா ஒருத்தர். கடைப் பின்னறையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து இருபது நிமிஷம் அவரிடம் அழுதேன். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. "நீ என் தங்கச்சி மாதிரிடா" என்றார். அம்மாவிடம்கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னேன். கண்ணைத் துடைப்பதற்குள், 8 அமர்வு, ஒன்றுக்கு 1,200, இன்றைக்கே கட்டினால்தான் தமிழ் தெரபிஸ்ட் கிடைப்பார் என்றார். சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தை அப்படியே அனுப்பினேன்.

வந்தவருக்குத் தமிழ் அரைகுறை. சரி, பரவாயில்லை என்று முதல் நாள் முழுக்க அப்பா இறந்ததைத்தான் சொன்னேன். அதற்கு "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். இரண்டாம் நாள் பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது, அவர் கேட்கிறார், "அப்பா என்ன வேலை பாக்கறாங்க?"

லைனை கட் பண்ணிவிட்டேன்.

ஆளை மாற்றுங்கள், இல்லை மீதி 6 அமர்வுக்கான பணத்தையாவது கொடுங்கள் என்றேன். ஃபைனான்ஸில் சொல்லியாயிற்று என்றார்கள். ஏழு வேலை நாள் என்றார்கள். அப்புறம் பதினோரு நாள் வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். இன்றைக்கு "பிளான் ஆக்டிவ் ஆயிடுச்சு மேடம்". தங்கச்சி என்ற அதே அக்காதான். 9,600 என்பது என் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

கவனிக்க வேண்டியது பத்து விஷயமாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இப்போது வருவது இவ்வளவுதான். மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகக் கட்டுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள், எனக்கு வந்தவரிடம் அது இல்லை. ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. ராத்திரி முடியவில்லையென்றால் 14416, டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், அரசாங்கத்தினுடையது, காசில்லை, தமிழிலும் பேசலாம். இது 2022-லிருந்தே இருக்கிறதாம். எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

நாளைக்குத் தேனி மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுக்குப் போகிறேன். பஸ்ஸில் யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.