புழுவுக்கு எது, பூச்சிக்கு எது: சோம்பா, சதகுப்பையா, கொத்தமல்லியா?

சோம்பு, சதகுப்பை, பார்ஸ்லி, கொத்தமல்லி, கேரட் எல்லாமே குடை விரித்த மாதிரி பூக்கும் ஒரே குடும்பத்துச் செடிகள். ஸ்வாலோடெயில் என்னும் வால் பட்டாம்பூச்சிகளைத் தோட்டத்துக்கு வரவழைக்க எதை நடலாம் என்று கேட்டால், பலரும் சட்டென்று சதகுப்பையைச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

இந்தப் பட்டாம்பூச்சியின் புழுவுக்குச் சதகுப்பை பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் செடி போதாது. பொரித்து வந்த குட்டிப்புழு கறுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் போல ஒட்டிக்கிடக்கும். நான்கு முறை தோலுரித்து, பச்சை உடம்பும் கறுப்புப் பட்டையுமாகக் கொழுத்த பிறகுதான் அதன் பசி தெரியும். நான் வைத்த நான்கு சதகுப்பைச் செடிகளில் ஏழெட்டுப் புழுக்கள். இரண்டே நாளில் தண்டு மட்டும் மிச்சம். பக்கத்துச் சோம்புச் செடிக்கு மாற்றலாம் என்று ஒன்றைப் புல் நுனியால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கவட்டைக் கொம்பு ஒன்று விருட்டென்று எட்டிப் பார்த்தது. கூடவே, கெட்டுப்போன வெண்ணெய் வாடை. எறும்புகளை விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம், என்னையும் விரட்டியது.

சோம்பு அந்தப் பசியைத் தாங்கும். ஆளுயரம் வளரும், பல ஆண்டு நிற்கும், மொட்டையானாலும் மறுபடி துளிர்க்கும். குறை ஒன்று உண்டு: விதை கொட்டிக் கண்டபடி பரவும். கலிஃபோர்னியாவில் அது களையாகவே ஆகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அங்குள்ள அனிஸ் ஸ்வாலோடெயிலுக்கு இன்று அந்தக் களைதான் முக்கியமான தீவனம்.

பார்ஸ்லி இரண்டுக்கும் நடுவில். புழு தின்னும், முயலும் விட்டுவைக்காது. பூவைப் பார்க்க இரண்டாம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

சரி, கொத்தமல்லி? புழுவுக்காக இதை நடச் சொல்லமாட்டேன். இதன் பலம் பூவில். வெயில் ஏறினால் சீக்கிரமே பூத்துவிடும். நீளமான உறிஞ்சுகுழல் இல்லாத பூச்சிகளுக்குக் குழாய் போன்ற பூக்களில் தேன் எட்டாது. இந்தக் குடும்பத்துப் பூக்களிலோ தேன் மேலாகத் திறந்தே இருக்கும். அதனால் ஒட்டுண்ணிக் குளவி, பொறிவண்டு, அந்தரத்தில் நின்றபடி சிறகடிக்கும் ஹோவர்ஃபிளை எல்லாம் வந்து மொய்க்கும். பல ஹோவர்ஃபிளைகளின் புழுக்கள், செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்பவை என்பதால் பக்கத்துச் செடிகளுக்கும் ஆதாயம். இலைக்காகக் கிள்ளிக்கொண்டே இருந்தால் இதெல்லாம் நடக்காது.

இடம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் என் ஓட்டு சோம்புக்கு. காய் முற்றுமுன் பூங்கொத்தை வெட்டிவிட்டால் போதும். மூலையில் நாலு கொத்தமல்லியைப் பூக்க விட முடிந்தால் இன்னும் நல்லது.

ஆனால் எல்லா வால் பட்டாம்பூச்சியும் இந்த விருந்துக்கு வராது. இங்கிலாந்தின் நார்ஃபோக் சதுப்புநிலங்களில் இருக்கும் துணையினம், இயற்கையில் பால் பார்ஸ்லி என்னும் சதுப்புச் செடியையே நம்பியிருக்கிறது. அதைச் சோம்பு நட்டு வரவழைக்க முடியாது. அதற்குச் சதுப்பு வேண்டும்.