கோஸ் நாற்றுக்குப் பூச்சி வலை: 40 மெஷ்ஷா, 50 மெஷ்ஷா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து இடுபொருள் கடைகளில் "பூச்சி வலை" என்று கேட்டால் மூன்று சரக்கை எடுத்துப் போடுவார்கள்: பச்சை நிழல்வலை, 40 மெஷ் வெள்ளை நைலான் வலை, 50 மெஷ் வலை. நிழல்வலை பூச்சி வலையே அல்ல. செடியின் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கு அது திறந்த வாசல். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூக்கல் நாற்றுக்கு மற்ற இரண்டில் எது தேறும் என்பதுதான் கேள்வி.

அசுவினி சாறு உறிஞ்சுவதற்கு மருந்து உண்டு. அது கொண்டுவரும் வைரஸுக்குக் கிடையாது. கோஸ் வகைச் செடிகளைத் தாக்கும் டர்னிப் மொசைக் வைரஸ் அசுவினியின் ஊசிவாயில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்வது. இறக்கை அசுவினி ஒரு செடியில் உட்கார்ந்ததும் தனக்குத் தோதான செடிதானா என்று ஒரு குத்து குத்திப் பார்க்கும். அந்தச் சில விநாடிகளிலேயே நோய்ச்செடியிலிருந்து வைரஸ் வாயில் ஏறிவிடும். அடுத்த செடியைக் குத்தும்போது இறங்கிவிடும். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து கொடுத்த நாற்றில் பூச்சி சாகும், ஆனால் குத்திய பிறகுதான். பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் சிலவற்றில் பூச்சி நிலைகொள்ளாமல் செடிக்குச் செடி தாவி இன்னும் கூடுதலாகக் குத்துவதும் உண்டு. நல்ல செய்தி ஒன்று: கோஸ் வகைகளில் இந்த வைரஸ் விதை வழியாக வருவதில்லை. நாற்று சுத்தமாகத்தான் முளைக்கிறது. முதல் 25 முதல் 30 நாள் அதைக் காப்பாற்றுவதே வலையின் வேலை.

40 மெஷ் என்றால் ஓர் அங்குலத்தில் 40 கண். 25.4 மில்லிமீட்டரை 40ஆல் வகுத்தால் 0.63, இழையின் தடிமன் 0.2 போனால் கண்ணின் அகலம் 0.4க்குச் சற்று மேல். சின்ன உடம்புள்ள அசுவினி அதில் நெளிந்து உள்ளே வந்துவிடும். 50 மெஷ்ஷில் கண் 0.3 அளவுக்குச் சுருங்குகிறது. ஆகவே வாங்குவது 50 மெஷ்ஷாகவே இருக்கட்டும். ரோலில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்கேலை வைத்துக் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி, அங்குலத்துக்கு எத்தனை இழை என்று கடையிலேயே எண்ணிவிடலாம். நீளவாக்கில் 50 இருந்து குறுக்கே 30தான் இருக்கும் சரக்கானால், கண் நீண்ட சதுரமாகத் தெரியும்.

அகலத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு மீட்டர் அகலப் பாத்திக்கு அரைவட்ட வளைவு போட்டால் வளைவின் நீளமே 1.57 மீட்டர். இரு பக்கமும் 30 சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைக்க வேண்டும், கூட்டினால் 2.2 மீட்டர். இரண்டு மீட்டர் வலையை இழுத்துக் கட்டிக் கல்லை வைத்தால் ஓரத்தில் இடுக்கு விழும், எறும்பும் அசுவினியும் அந்த வழியாகத்தான் வரும். டெல்டாக் களிமண்ணில் பாத்தியை 15 சென்டிமீட்டர் உயர்த்தி, நாற்று வளர்க்கும் குழித்தட்டுகளை அதன் மேல் வைப்பது நல்லது; ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வேண்டுமே.

இலை வலையைத் தொடக் கூடாது. தொட்டால் வெளியில் உட்கார்ந்தபடியே அசுவினி கண் வழியாக ஊசியை விட்டுக் குத்திவிடும். வலை மேல் ஈனப்படும் குஞ்சுகள் தாயை விடப் பொடியானவை, 50 மெஷ்ஷிலும் இறங்கும். அதனால் வலையின் உச்சிக்கும் நாற்றுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மூடும் முன் இலையடியைப் புரட்டிப் பார்ப்பது அவசியம்: உள்ளே ஒரே ஒரு அசுவினி மாட்டிக்கொண்டால் ஆண் துணையின்றியே குட்டி போட்டுப் பெருகும், அதைத் தின்னப் பொறிவண்டும் வர முடியாது.

வலையின் பெரிய குறை புழுக்கம். கண் பொடியாகப் பொடியாகக் காற்று குறையும். ஈரம் தங்கி நாற்றழுகல் வரும். காலையில் மட்டும் நீர் ஊற்றுங்கள். மேலே நிரந்தரமாக நிழல்வலையும் போட்டால் நாற்று வெளிறி நெடுநெடுவென நீண்டுவிடும். உச்சி வெயிலுக்கு மட்டும் போட்டு எடுக்கலாம். மழைக்காலத்தில் கண்ணில் பாசி அடைக்கும், தேய்த்துக் கழுவாவிட்டால் காற்றே போகாது.

கூடவே விற்கும் மஞ்சள் ஒட்டும் அட்டை பூச்சி வந்துவிட்டதா என்று பார்க்க மட்டும் உதவும். அதை நாற்றங்காலுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது பூச்சியை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

நடவுக்குப் பின் வலை கிடையாது. மண்ணை மூடும் வெள்ளி நிற மூடாக்குத் தாளை வெள்ளிப்பக்கம் மேலே இருக்க விரித்தால் ஒளி எதிரொளித்து அசுவினி இறங்கத் தயங்கும். இலை பரந்து தாளை மூடும்வரைதான் இந்தப் பயன். வயல் ஓரத்தில் முன்கூட்டியே விதைத்து வளர்ந்த இரண்டு வரிசை மக்காச்சோளம் இருந்தால், அசுவினி முதலில் அதைக் குத்தி வாயில் ஒட்டியிருக்கும் வைரஸைத் துடைத்துக்கொள்ளும்.

சுற்றிலும் நெல் மட்டுமே உள்ள இடத்தில் 40 மெஷ்ஷோடும் ஒப்பேற்றலாம். நெல்லில் இந்த வைரஸ் தங்காது. கொள்ளிடப் படுகையில், அறுத்து மிஞ்சிய முள்ளங்கியும் தானாய் முளைத்த கடுகும் பக்கத்தில் நிற்கும் இடத்தில், முதலில் அவற்றைப் பிடுங்கிப் புதைத்துவிட்டு அப்புறம் வலைக்குக் காசு செலவழியுங்கள்.