பவர் செக்: ஃபிக்ஸட் பிட்ச், கான்ஸ்டன்ட் ஸ்பீடு – எந்த முள்ளை நம்புவது?

சிறிய பிஸ்டன் விமானத்தில், புறப்படும் முன் இன்ஜின் முழு பவர் தருகிறதா என்று பார்ப்பதே பவர் செக். ஃபிக்ஸட் பிட்ச் (பிளேடின் கோணம் மாறாத) புரொப்பெல்லரில் முழு த்ராட்டில் ஆர்.பி.எம்.தான் (நிமிடத்துக்கான சுழற்சி) அளவுகோல். வெயிலில் காற்றின் அடர்த்தி குறைந்தால் இன்ஜின் பவரும் குறையும். பிளேடின் சுமையும் கூடவே குறைவதால் முள் அதிகம் இறங்காது. ஆர்.பி.எம். சரி என்பதால் முழு பவர் கிடைக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். எதிர்க்காற்று ஆர்.பி.எம்.மை உயர்த்திக் காட்டும், பக்கக்காற்றில் சோதியுங்கள். கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று தரும் வசதி) ஆஃப்.

கான்ஸ்டன்ட் ஸ்பீடு புரொப்பெல்லரில், கவர்னர் பிளேடின் கோணத்தை மாற்றி ஆர்.பி.எம்.மைப் பிடித்து வைத்து, சோர்ந்த இன்ஜினையும் மறைத்துவிடும். இங்கே பார்க்க வேண்டியது மேனிஃபோல்டு பிரஷர் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்). ஸ்டார்ட்டுக்கு முன் கேஜ் காட்டுவது வெளிக்காற்றழுத்தம். டர்போ இல்லாத இன்ஜினில் முழு த்ராட்டிலில் அதைவிடச் சுமார் 1 அங்குலம் (பாதரச அளவில்) குறைவாக வரும். இன்னும் கீழே போனால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். அதே அழுத்தத்தில் வெப்பம் 6 டிகிரி செல்சியஸ் கூடினால் பவரில் ஏறத்தாழ 1 சதவீதம் போய்விடும். அதைக் கேஜ் சொல்லாது. பலவீனமான சிலிண்டரைக் கண்டுபிடிக்க ஃபிக்ஸட் பிட்ச் வகையே மேல்.