சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்பும் முகவர்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பேக்கிங் வேலை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம் என்று சொல்லி, தருமபுரியில் அலுவலகம் வைத்திருந்த முகவர் ஒருவர் என் தங்கையிடம் ஒன்றேகால் லட்சம் ரூபாய் வாங்கினார். அம்மாவின் நகையை அடகு வைத்துக் கொடுத்த அந்தப் பணத்திற்கு அவர் ரசீது தரவில்லை. பெங்களூரில் விமானம் ஏறுவதற்கு முந்தைய இரவுதான் வாட்ஸ்அப்பில் விசா வந்தது. அது வேலை விசா அன்று, 60 நாள் சுற்றுலா விசா. கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தாம்மா போறாங்க, அங்க போய் மாத்திக்கலாம். ஏர்போர்ட்ல கேட்டா சொந்தக்காரங்களைப் பார்க்கப் போறேன்னு சொல்லிடு" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதைப் பெற்றோர்கள் அறிந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பெரும்பாலும் 'ஈ.சி.ஆர்.' வகையைச் சேர்ந்தது. அதை வைத்திருப்பவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 'குடிபெயர்வோர் பாதுகாவலர்' என்னும் மத்திய அரசு அதிகாரியின் அனுமதி தேவை. வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு 30 வயது நிறையாமல் அந்த அனுமதி கிடைக்காது. என் தங்கைக்கு வயது 25. சட்டப்படி அனுப்ப முடியாத பெண்ணைச் சுற்றுலாப் பயணி என்று காட்டி அனுப்பிவிட்டால், ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை, அரசுப் பதிவேட்டில் அவள் பெயரும் இல்லை.

துபாயில் இறங்கியதும் அழைக்க வந்தவர் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு, ஷார்ஜாவில் ஒரு வீட்டில் சமையலுக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவும் விட்டுவிட்டுப் போனார். சம்பளம் கேட்டபோதெல்லாம், விசா முடிந்துவிட்டது, நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறுகிறது, வெளியே போனால் போலீஸ் பிடிக்கும் என்று மிரட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் வேலை செய்த கேரளத்து அக்கா ஒருவர் துணிந்து துபாயிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு அழைத்துச் சென்றதால்தான் அவள் ஊர் திரும்பினாள். அந்த அக்காவுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

முகவருக்கு மத்திய அரசின் உரிமம் இருக்கிறதா என்பதை 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். உரிமம் பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கு ரசீதும் தர வேண்டும். அமீரகத்தில் தனியார் நிறுவன வேலை என்றால், அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை உறுதிக் கடிதம் தமிழிலும் கிடைக்கும். அதைப் படித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். பாஸ்போர்ட், விசா நகல்களை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, தூதரகத் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் எழுதி உடன் வைத்திருக்க வேண்டும். போனைப் பிடுங்கிக்கொண்டால் அந்தக் காகிதம்தான் உதவும்.

காவல் துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். தருமபுரி அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது, ஆனால் அதே ஆள் ஊத்தங்கரைப் பக்கம் 'குவைத்தில் தையல் வேலை' என்று பெண்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வருவதாகத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் யாரேனும் கொடுத்திருந்தால், இன்றே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.